தம்பியைக் கட்டட வேலையிலேயே இருக்கச் சொல்லலாமா?

கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. பத்தொன்பது வயதான அவருடைய தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு நின்றுவிட்டார். ஆறு மாதமாகத் தாய்மாமாவுடன் கையாளாகக் கட்டட வேலைக்குப் போகிறார்; சனிக்கிழமைதோறும் கையில் பணம் வருகிறது. அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. மாமாவோ இரண்டு வருடம் போகட்டும், வளைகுடாவுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். இந்த வேலையை நம்பி ஒருவர் வாழ்நாள் முழுவதும் இருக்க முடியுமா, இல்லை இப்போதே நிறுத்தி வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா என்பதுதான் சகோதரியின் கவலை.

பதினேழு வயதில் பாளையங்கோட்டையில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தவன் நான். பிறகு கொத்தனாராகவும், சில ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளராகவும் இருந்து, இப்போது திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துக் கட்டிக்கொடுக்கிறேன். இந்தத் தொழிலை நம்பி ஒரு குடும்பம் மரியாதையாக வாழ முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டட வேலைக்குப் போவது வேறு, கட்டட வேலையைக் கற்பது வேறு. உங்கள் தம்பி இப்போது முதலாவதைச் செய்துகொண்டிருக்கிறார். இரண்டாவதற்கு அவர் எப்போது மாறுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கேள்விக்கான பதில் அமையும்.

முதலில் அந்தச் சனிக்கிழமைப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் தேங்கிப்போவது அங்கேதான். கணக்குக்காகக் கையாளுக்கு 700 ரூபாய், கொத்தனாருக்கு 1,000 ரூபாய் நாள் கூலி என்று வைத்துக்கொள்வோம்; ஊருக்கு ஊர் இது மாறும். ஆண்டில் எத்தனை நாள் வேலை இருக்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியெல்லாம் தண்ணீர் நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் யாரும் புதுவீட்டுக்குக் கால் நாட்டுவதில்லை. ஊர்க் கோயில் கொடை, கல்யாணம், துட்டி (சாவு) என்று போகும் நாட்களும் உண்டு. 240 நாள் வேலை கிடைத்தால் அது நல்ல ஆண்டு. அப்படியானால் கையாளின் ஆண்டு வருமானம் 1,68,000 ரூபாய், கொத்தனாருடையது 2,40,000 ரூபாய். பத்தொன்பது வயதுப் பையனுக்கு முதல் தொகையே பெரிதாகத் தெரியும். கூடப் படித்தவர்கள் இன்னும் வீட்டில் பேருந்துக்குக் காசு கேட்டுக்கொண்டிருக்கும்போது இவர் பைக்குக்குத் தவணை கட்டத் தொடங்கிவிடுவார். பிறகு அந்தத் தவணைக்காக ஒரு நாள்கூட வேலையை விட முடியாது. வேலை கற்பதற்காகக் கூலியைக் குறைத்துக்கொள்ளவும் மனம் வராது. நாற்பது வயதிலும் கலவைச் சட்டி சுமந்துகொண்டிருக்கும் பலரை நான் அறிவேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். முதல் மூன்று ஆண்டுகளில் கொத்துக் கரண்டியைக் கையில் வாங்கத் தவறியவர்கள், அவ்வளவுதான்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. இருபது வருடம் சித்தாளாக இருந்து, கலவையின் பதத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிற பெண்கள் நம் வேலையிடங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலியும் குறைவு, கரண்டியும் யாரும் கொடுப்பதில்லை. இது நம் தொழிலின் பெரிய அநீதி, இதை மாற்ற வேண்டிய பொறுப்பு என்னைப் போன்ற ஒப்பந்தக்காரர்களுக்கே முதலில் உண்டு.

கற்பது என்று நான் சொல்வது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு மூலை எடுக்கும் நாளில் தம்பி மண் வெட்டிக்கொண்டு தூரத்தில் நிற்காமல் நூல் பிடிக்கிறவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு நூலில் மூன்றடியும், அதற்குக் குறுக்கே போகும் நூலில் நான்கடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே டேப்பைப் பிடித்தால் சரியாக ஐந்தடி வர வேண்டும். வந்தால்தான் அது நேர்மூலை. ஆறு, எட்டு, பத்து என்று அதையே பெரிதாக்கிப் பார்த்தால் பிழை இன்னும் குறையும். பள்ளியில் பித்தாகரஸ் தேற்றம் என்று படித்ததுதான் இது. அந்த நூல் அரை அங்குலம் விலகினால், ஆறு மாதம் கழித்து டைல்ஸ் ஒட்ட வருகிறவர் சுவரோரத்தில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் துண்டு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதேபோல் கம்பி வந்து இறங்கும்போது எண்ணிப் பார்க்கட்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 8 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 4.74 கிலோ, 12 எம்எம் கம்பி 10.67 கிலோ. பில்லில் உள்ள எடையும் எண்ணிய கம்பிகளின் எடையும் பொருந்துகிறதா என்று சொல்லத் தெரிந்த பையனை எந்த மேஸ்திரியும் வெறும் கையாளாக வைத்திருக்க மாட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர் என்பதால் உங்கள் தம்பிக்கு இதெல்லாம் எளிது. தாய்மாமாவின் கையில் பல ஆண்டு வேலை இருக்கும். ஆனால் வரைபடத்தைப் பார்த்து அளவு எடுக்க அவர் பொறியாளரை எதிர்பார்ப்பவராகவும் இருக்கலாம். கைவேலையும் கணக்கும் ஒரே ஆளிடம் சேர்வது நம் தொழிலில் அரிது. அப்படிச் சேர்ந்தவருக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்காது.

காரணம் தெரியாமல் செய்யும் கைவேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு என் பிழையையே சொல்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வீட்டில் முதன்முறையாக மேஸ்திரி என்னை நம்பி சன்ஷேடு கான்கிரீட்டை விட்டுவிட்டுப் போனார். ஜன்னலுக்கு மேல் வெயில் மறைப்பாக நீளும் சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்பது. அதில் இழுபடுவது மேல்பாகம்தான், ஆகவே முதன்மைக் கம்பி மேலே நிற்க வேண்டும். கம்பி கட்டியவர் சரியாகத்தான் கட்டியிருந்தார். கலவை கொண்டுவந்தவர்கள் அதன்மேல் ஏறி நடந்து நடந்து கம்பி பலகையோடு பலகையாகப் படிந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். ரூஃப் தளத்தில் நடுப்பகுதியில் கம்பி கீழேதானே இருக்கிறது, இங்கும் இருந்தால் என்ன என்று நினைத்துக் கொட்டச் சொல்லிவிட்டேன். அடியில் முட்டுக்கொடுத்த கம்புகளைப் பிரித்த அன்று சுவரை ஒட்டி நீளமாக வெடிப்பு ஓடியது. சாயங்காலத்துக்குள் வெளிநுனி மூன்று அங்குலம் தொங்கிவிட்டது. நல்லவேளையாக அடியில் யாரும் இல்லை. நான்கு நாள் கூலியில்லாமல் உடைத்து, கம்பியை மேலே தூக்கிக் கட்டி, கம்பி பலகையில் படியாமல் தாங்கும் கவர் கட்டை வைத்துத் திரும்பப் போட்டேன். மேஸ்திரி திட்டவில்லை, கம்பி ஏன் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு தென்னை மட்டையை ஒரு நுனியில் பிடித்து மறுநுனியைத் தொங்கவிட்டுக் காட்டினார். அதற்கு முன்பும் நூறு சன்ஷேடுகளில் வேலை பார்த்திருந்தேன், ஆனால் அன்றைக்குத்தான் ஒன்றைக் கற்றேன்.

2021 டிசம்பரில் நம் திருநெல்வேலி நகரில் ஒரு பள்ளிக் கழிப்பறையின் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த நாளிலிருந்து, தனியாக நிற்கும் எந்தச் சுவரையும் அதன் கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கட்டட வேலை படிப்பு வராதவன் செய்யும் வேலை என்று அவர் நினைக்கலாம். நாம் வைக்கும் ஒவ்வொரு சுவருக்கும் அடியில் யாரோ ஒருவர் படுத்துத் தூங்கப்போகிறார். இதைவிடக் கவனம் தேவைப்படும் வேலைகள் அதிகம் இல்லை. தாமிரபரணியின் குறுக்கே 1843 இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் அவர் எத்தனை முறை போய் வந்திருப்பார்! 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் வரை தண்ணீர் ஏறிய வெள்ளத்தையும் தாங்கி நிற்கிற அந்தப் பதினொரு வளைவுகளையும் கல்லும் சுண்ணாம்பும் அறிந்த கொத்தர்கள்தான் கையால் கட்டினார்கள்.

எந்தப் பிரிவில் போவது என்று கேட்டால், முதல் இரண்டு ஆண்டு கொத்து வேலையிலேயே இருக்கச் சொல்வேன். கடைக்கால் முதல் பூச்சு வரை முழுக் கட்டடமும் கண்ணில் படுவது கொத்தனாருக்கு மட்டும்தான். அதன்பிறகு டைல்ஸுக்குப் போனால் வெயிலும் மழையும் குறைவு, சதுர அடிக் கணக்கில் கூலியும் நன்றாக இருக்கும். ஆனால் முழங்கால் சீக்கிரம் தேயும், கல் வெட்டும் தூசி நுரையீரலுக்குக் கேடு. கம்பி வேலையும், கான்கிரீட் கொட்டப் பலகை அடைக்கும் சென்ட்ரிங்கும் பெரிய வேலையிடங்களில் எப்போதும் தேவைப்படுபவை. கூடங்குளத்தில் அடுத்தடுத்த அணு உலைகளுக்காக நடந்துவரும் கட்டுமானம் போன்ற இடத்தில் ஒன்றிரண்டு ஆண்டு இருந்துவந்தால், வீட்டு வேலையில் யாரும் சொல்லித்தராத ஒழுங்கு பழகும். காலையில் பாதுகாப்பு விளக்கம், தலைக்கவசம், இடுப்புப் பட்டை, ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் கனசதுரக் கட்டி எடுத்து 7 ஆம் நாளும் 28 ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பது என்று எல்லாமே எழுத்தில் இருக்கும்.

ஊர் மண்ணை அறிவதும் படிப்புதான், அதை உள்ளூரில் வேலை பார்த்துத்தான் கற்க முடியும். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் பொங்கி வெயிலில் பிளக்கும். மேலோட்டமாகக் கடைக்கால் போட்டால் இரண்டாவது கோடையிலேயே சுவரில் மாடிப்படி போல வெடிப்பு ஏறும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணலில் குழியின் பக்கங்கள் தோண்டத் தோண்டச் சரியும். உவரி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். அங்கே கம்பிக்குமேல் கான்கிரீட் மூடும் கனத்தில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பணகுடி, காவல்கிணறு பக்கத்தில் ஆடிக்காற்று அடிக்கும்போது தளம் போட்டால், மட்டப்பலகை இழுத்து முடிப்பதற்குள் மேலே மயிரிழைக் கோடுகள் விழும். உடனே ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும். இப்போது புழக்கத்தில் உள்ள கலப்பு சிமென்டுக்குப் பதினான்கு நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வதை நம் ஆட்கள் நான்காம் நாளே மறந்துவிடுகிறார்கள். கலவையில் தண்ணீர் அதிகம் ஊற்றும் பழக்கம் இதைவிட மோசம். சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவைக்கு ஒரு மூட்டை சிமென்டுக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது; எளிதாகக் கொட்டுவதற்காக ஆட்கள் கணக்கில்லாமல் குடம் குடமாகச் சாய்ப்பதை நான் இன்னும் பார்க்கிறேன்.

படிப்பை முழுவதும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்திருந்தால் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோவுக்கு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே ஆண்டு. ஐடிஐ என்றால் சிவில் வரைவாளர், நில அளவர் ஆகியவை இரண்டாண்டுப் பயிற்சிகள், கொத்து வேலைக்கென்றே ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. பேட்டை அரசு ஐடிஐயில் நேரில் போய் இப்போது என்னென்ன பிரிவுகள் நடக்கின்றன என்று கேளுங்கள். என் விருப்பம், தம்பி அந்த இரண்டு ஆண்டு கொத்து வேலையில் இருந்துவிட்டு டிப்ளமோவில் சேர வேண்டும் என்பது. வேலையிடத்தில் நின்று பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவருக்குப் பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு படமும் ஏற்கெனவே தொட்ட பொருளாக இருக்கும். சிவில் பொறியியல் பட்டம் முடித்து, கரண்டியைத் தொடாமலே மேற்பார்வைக்கு வரும் பிள்ளைகள் முதல் சில ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் திணறுவதற்குக் காரணமும் இதுவே.

வளைகுடா பற்றி மாமா சொல்வது தவறில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கையாளாக இருந்துவிட்டுப் போகிறவர் அங்கேயும் கையாள்தான். ஆள் எடுக்க வந்து சோதிப்பவர் முன்னால் செய்துகாட்டும் அளவுக்கு ஒரு தொழிலைக் கற்ற பிறகு போகட்டும். பத்தாம் வகுப்பு தேறியவர் என்பதால் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி பெற வேண்டிய நிலை இராது. அது வசதிதான், ஆனால் அந்த அனுமதியோடு வரும் அரசுக் கண்காணிப்பும் இல்லாமல் போகிறது என்பதை மறக்க வேண்டாம். அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் நிலத்தை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் ஆள் எடுக்கிறது. அங்கே முதலில் விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

ஆபத்துகளை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். சாரத்திலிருந்து விழுவதும், கம்பியைத் தூக்கும்போது மேலே போகும் மின்கம்பியில் உரசுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. பலருக்குத் தெரியாத ஒன்று, புதிதாகக் கட்டிய தரைத்தொட்டியிலோ செப்டிக் டேங்கிலோ சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குவது. தொட்டி புதியதுதானே, உள்ளே என்ன விஷவாயு இருக்கப்போகிறது என்று நினைப்பார்கள். மூடிய இடத்தில் ஈரப் பலகையும் சவுக்கு முட்டும் பல நாள் ஊறிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் பிராணவாயு குறைந்துபோகிறது. வாடை எதுவும் வராமலேகூட இது நடக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்; இப்படி ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். மூடியைத் திறந்து ஒரு முழுநாள் விட வேண்டும், காற்று ஊதும் இயந்திரத்தால் வெளிக்காற்றைச் செலுத்த வேண்டும், இறங்குகிறவர் உடம்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும், மேலே இரண்டு பேர் அதைப் பிடித்து நிற்க வேண்டும். இவை இல்லாமல் இறங்கச் சொன்னால் அன்றைய கூலி போனாலும் மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடும்படி தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 இல் ஏற்படுத்தப்பட்டது. பதினெட்டு வயது முடிந்த கட்டடத் தொழிலாளி அறுபது வயதுவரை அதில் பதிவு செய்யலாம். விபத்து நிவாரணம், பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவி, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவை அதன் வழியாகக் கிடைக்கின்றன. கட்டடங்களின் செலவில் 1 சதவீதம் இதற்கென்றே நலநிதியாக வசூலிக்கப்படுகிறது. அது தொழிலாளியின் பணம். ஆறு மாதம் வேலை செய்துவிட்ட உங்கள் தம்பி இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால் இந்த வாரமே செய்யட்டும். காலாவதியாகும் முன் புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது. விபத்து நடந்த பிறகு அட்டையைத் தேடிப் பார்த்து, புதுப்பிக்காமல் விட்டதை அறிந்து அழுத குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

உடம்புக்கு ஒரு காலவரை உண்டு. நாற்பத்தைந்தைத் தாண்டினால் இடுப்பும் தோளும் தினமும் கலவை தூக்க ஒத்துழைக்காது. ஆகவே முப்பத்தைந்துக்குள் மேஸ்திரியாகவோ, மேற்பார்வையாளராகவோ, சிறு ஒப்பந்தக்காரராகவோ மாறும் வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்துக்கு மட்டும் அவசரப்படக் கூடாது. முதலில் கூலி ஒப்பந்தம் எடுத்துப் பழகட்டும். பொருளோடு சேர்த்து எடுக்கும்போதுதான் சிமென்ட் விலையும் கம்பி விலையும் இடையில் ஏறிக் கையைக் கடிக்கும். எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம் என்பதைச் சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சொந்தக்காரர் வீடு என்றால் இன்னும் கட்டாயமாக எழுத வேண்டும் என்பது என் அனுபவம்.

இப்போதைக்கு மாமாவிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். தினமும் சாயங்காலம் வேலை முடிவதற்கு முன் அரைமணி நேரம் தம்பியின் கையில் கரண்டியும், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டும் கொடுத்து நான்கு வரி செங்கல் வைக்கச் சொல்லட்டும். சாய்ந்திருந்தால் பிரித்துவிட்டு மறுநாள் காலையில் மாமாவே வைத்துக்கொள்ளட்டும். அந்த அரைமணிக்குக் கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து, அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையிடத்துக்கு அழைத்துப்போய், எந்தச் சுவர் தன் கையால் வைத்தது என்று தம்பியையே காட்டச் சொல்லுங்கள்.